நிறம் காட்டாத சூடு

அத்தியாயம் 9

கலியமூர்த்தி வீட்டு டிவி கண்ணை மூடி அன்றோடு ஒன்பது நாள்.

சுவிட்சைப் போட்டால் கீழே சிவப்பு விளக்கு எரியும். உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். விளக்கு மூன்று முறை சிமிட்டும். மறுபடி 'டிக்'. அதற்கு மேல் அதனிடமிருந்து ஒரு பதிலும் வராது.

பழைய பிளாஸ்மா டிவி. நெய்வேலியிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு இன்ஜினியர் வீட்டில் வாங்கியது. நாற்பத்திரண்டு அங்குலம். நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். ஒரு மணி நேரம் ஓடினால் கூடமே அனலடிக்கும். "இதையெல்லாம் இப்ப யாருண்ணே ரிப்பேர் பண்றாங்க, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று கடைவீதியில் இரண்டு மெக்கானிக்குகள் சொல்லிவிட்டார்கள். இந்த ஊரில் பிளாஸ்மாவைத் தொடுகிற ஆள் ஒருத்தர்தான் என்றும் அந்த இரண்டு பேருமே சொன்னார்கள். பாலக்கரை அன்புச்செல்வன்.

அந்தப் பெயரைக் கேட்ட பிறகுதான் கலியமூர்த்தி ஸ்க்ரூடிரைவர் வாங்கினான்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வேல்விழியைப் பெண் பார்க்க வந்த முதல் ஆள் அன்புச்செல்வன். பெண்ணாடத்தில் அவள் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து, கேசரி சாப்பிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவன். ஜாதகம் ஒத்துவராமல் பேச்சு நின்றது. இரண்டு மாதம் கழித்து அதே வீட்டில், ஒருவேளை அதே நாற்காலியில், கலியமூர்த்தி உட்கார்ந்தான். கல்யாணப் பந்தியில் யாரோ ஒரு சொந்தக்காரர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பெண்ணைப் பிடிக்காமல் போன ஆளாக இருந்தால் கலியமூர்த்தி மறந்திருப்பான். பிடித்தும் நின்றுபோன ஆள். பதினெட்டு வருஷமாக அது அவனுக்குச் செரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது வேல்விழி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் பாருங்க. சரியாவலன்னா அந்தக் கடைக்குப் போன் பண்ணிருவேன். எனக்கு வேற வழி தெரியல."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் டிவியில் வரப்போகிறாள். தெருவில் பாதிப் பேரைக் கூப்பிட்டும் விட்டாள்.

போன மாதம் ஒரு டிவி சேனல் ஆட்கள் பீங்கான் தொழிற்பேட்டைக்கு வந்ததும், பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேல்விழியின் கையை மட்டும் ஒன்றரை மணி நேரம் படம் எடுத்ததும் தெருவுக்கே தெரிந்த கதை. கேமராக்காரன் அவள் கைக்குக் கீழே தரையில் படுத்து எடுத்தான். அதே பீங்கான் யூனிட்டில் பின்பக்கம் சூளை எரிக்கும் கலியமூர்த்தி, அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு சூளை வாசலில் நின்றான். அவர்கள் வந்தார்கள். "இங்க ரொம்பச் சூடா இருக்குங்க சார்" என்றார்கள். போய்விட்டார்கள்.

பத்தொன்பது வருஷமாக அவன் எரிக்கும் அந்தச் சூட்டில் வெந்துதான் அவள் எழுதிய கண்ணெல்லாம் அழியாமல் நிற்கிறது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன பெயர் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை டிவியைத் திருப்பி வைத்துப் பின்மூடியைக் கழற்ற உட்கார்ந்தான். வேல்விழி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டை ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். மகள் சண்முகப்ரியா பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். போனில் யாரோ ஒருவர் இதே மாதிரி டிவியைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ப்பா, மொதல்ல பிளக்கைப் புடுங்கு."

"புடுங்கியாச்சு."

"புடுங்குனாலும் உள்ள கரண்டு நிக்குமாம். பெரிய டப்பா மாதிரி இருக்குது பாரு, அதைத் தொடாதன்னு சொல்றாரு."

"நான் பாக்காத கரண்டா? ஆயிரத்து இருநூறு டிகிரியில வேலை பாக்குறவன்டி நான்."

"நீ எங்க உள்ள போற? வெளியதான நிக்குற."

அடுப்படியில் வேல்விழி சிரித்தது கேட்டது. அவனும் சிரித்துவைத்தான்.

மூடி கழன்று வந்தது. உள்ளே ஒரு ஊர் மாதிரி இருந்தது. பச்சைப் பலகைகள், அதில் நிற்கும் சின்னச் சின்ன டப்பாக்கள், ஒயர்கள், தூசி. வலது பக்கப் போர்டில் சூடு தணிக்க வைத்திருந்த அலுமினியத் தகடு ஒன்று. துணியால் துடைத்தான். தூசிக்கடியில் கறுப்பு மார்க்கர் எழுத்து தெரிந்தது.

அ.செ. 14-6-23.

கலியமூர்த்தி துணியைக் கீழே வைத்தான்.

அந்தக் கையெழுத்து அவனுக்குத் தெரியும். யூனிட் ஆபீசில் ஸ்டெபிலைசர், பெரிய ரேடியோ, மைக்செட் எல்லாவற்றிலும் இருக்கிறது. அன்புச்செல்வன் எதைச் சரிசெய்தாலும் தன் பெயரையும் தேதியையும் எழுதிவைப்பான். ஆறு மாதத்துக்குள் திரும்பப் பழுதானால் இலவசமாகப் பார்த்துக் கொடுப்பான்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஜூன் மாதம் முழுக்கக் கலியமூர்த்தி இந்த ஊரிலேயே இல்லை. குஜராத்தில், மோர்பியில், ஒரு புதுச் சூளையை எரித்துப் பழக்கிக் கொடுக்கப் போயிருந்தான். நாற்பது நாள். நாற்பது நாளும் வேல்விழியோடு போனில் பேசினான். மழை பெய்ததைச் சொன்னாள். ப்ரியாவுக்குக் காய்ச்சல் வந்ததைச் சொன்னாள். பக்கத்து வீட்டு ஆடு கறிவேப்பிலைச் செடியைத் தின்றதைக்கூடச் சொன்னாள். டிவி ரிப்பேரானதைச் சொல்லவில்லை.

எங்கே உட்கார்ந்திருப்பான்? இந்த இடத்திலா? காப்பி கொடுத்திருப்பாளா? எந்த டம்ளரில்?

கை எங்கே போகிறது என்று பார்க்காமல் நீட்டினான். பெரிய டப்பாவின் காலில் விரல் பட்டது. தோள்பட்டை வரைக்கும் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. ஸ்க்ரூடிரைவர் பறந்து போய்க் கட்டிலுக்கடியில் விழுந்தது.

வேல்விழி துடைப்பத்தோடு ஓடி வந்தாள். "என்னாங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"அதான் சொன்னேன்ல," என்றாள் ப்ரியா. "சூளைக்காரருன்னா டிவிக்குத் தெரியுமா."

வேல்விழி அவன் விரலைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு திறந்து கிடந்த டிவியைப் பார்த்தாள். "அந்த வலது பக்கத்துப் போர்டுதான். அதாத்தான் இருக்கும்."

"உனக்கு எப்புடித் தெரியும்?"

அவள் அவன் விரலை விட்டாள். "சும்மா சொன்னேன். ஓரத்துல கறுத்துப் போயிருக்குதுல்ல."

அவன் பார்த்தான். எங்கும் கறுத்திருக்கவில்லை.

அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த நாள் வேறு மாதிரிப் போயிருக்கும். அவன் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது ஒரு பதில் சொல்வாள், அதை நம்ப வேண்டியிருக்கும். கட்டிலுக்கடியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்தப் போர்டை மட்டும் கழற்றினான். மஞ்சள் பையில் போட்டுக்கொண்டான்.

"எங்க கொண்டு போறீங்க?"

"யூனிட்டுக்கு. அங்க வெச்சு சரி பண்ணிருவேன்."

"யூனிட்டுலயா? அங்க யாரு இருக்கா இதுக்கு?"

"நான் இருக்கேன்," என்றான் கலியமூர்த்தி.

ப்ரியாவின் போனில் அவன் பார்த்து வைத்திருந்தது இதுதான். போர்டில் ஈயம் வைத்து ஒட்டிய இடங்கள் நாள்பட்டால் விரிந்துவிடும். போர்டை இருநூறு டிகிரி சூட்டில் எட்டு நிமிஷம் வைத்தால் ஈயம் இளகி, விரிசல் தானே சேர்ந்துகொள்ளும். போனில் வந்தவர் அதை வீட்டில் கேக் சுடும் மின்சார அடுப்பில் வைத்துச் செய்து காட்டினார்.

சூடு. கலியமூர்த்திக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சூட்டைப் பற்றி இந்த ஊரில் அவனுக்குச் சொல்லித்தர ஆள் உண்டா?

யூனிட் வாசலில் பெயின்டிங் ஷெட்டைத் தாண்டித்தான் சூளைக்குப் போக வேண்டும். உபகாரமேரி ஒரு கிருஷ்ணர் பொம்மைக்கு மஞ்சள் வேட்டி பூசிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்து வீட்டுக்காரியும்தான்.

"என்னா தம்பி, பையில? வேல்விழிக்கு மேக்கப் சாமானா?"

"டிவி சாமான்க்கா."

"இன்னுமா சரியாவல? நாங்கல்லாம் நாளைக்கு உன் வூட்டுக்குத்தான் வர்றோம். நான் நாற்காலிகூட கழுவி வெச்சுட்டேன். அந்தக் கேமராப் புள்ள வேல்விழியைப் பாத்து என்னா சொன்னான் தெரியுமில்ல? 'உங்க கை பேசுதுங்க'ன்னான். எங்க கையெல்லாம் ஊமைன்னு நாங்க சும்மா உக்காந்துருந்தோம்."

பெண்கள் சிரித்தார்கள். கலியமூர்த்தியும் சிரித்தபடி நடையை வேகமாக்கினான். கை பேசுகிறதாம். அதை அவள் அவனிடம் சொல்லவே இல்லை.

சூளை புதன்கிழமை எரித்தது. சனிக்கிழமை ஆறிக்கொண்டிருந்தது. கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்திருந்தார்கள். மீட்டர் இருநூற்றுப் பத்து காட்டியது. உதவிக்கு இருக்கும் சகாயராஜ், அவனைவிடப் பத்து வயசு சின்னவன், ஒரு கல்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, என்னண்ணே அது?"

"டிவி போர்டு. சூடு காட்டணும். எட்டு நிமிஷம்."

சகாயராஜ் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல டப்பா டப்பாவா நிக்குதே, இது தாங்குமாண்ணே?"

"அதெல்லாம் கழட்டிட்டு வெக்கணும்னுதான் சொல்றான் போன்ல வந்த ஆளு. அவன் வூட்டு அடுப்புல வெச்சு சூடு காட்டுறவன், அதுல ஒரு பக்கம் எரியும் ஒரு பக்கம் வேகாது. நம்ம சூளை அப்புடியா? நிதானமான சூடுடா."

"இல்லண்ணே, பிளாஸ்டிக் மாதிரி..."

"நீ டீயைக் குடி."

நடுவில் அடுக்கியிருந்த தட்டுகளின் மேல் போர்டை வைத்தான். கதவைச் சாத்தினான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கலியமூர்த்தி மீட்டரை நம்பி எரிக்கிறவன் இல்லை. கதவில் இருக்கும் சின்னத் துளை வழியாக உள்ளே பார்ப்பான். கருஞ்சிவப்பு என்றால் எழுநூறு. ஆரஞ்சு என்றால் ஆயிரம். எலுமிச்சை நிறம் வந்தால் ஆயிரத்து இருநூறு, பத்து டிகிரி முன்னே பின்னே. அவன் சொன்னால் முதலாளியே மீட்டரைப் பார்க்க மாட்டார். ஆனால் இருநூறு டிகிரிக்கு நிறம் கிடையாது. முன்னூற்றைம்பதுக்கும் கிடையாது. துளை வழியாகப் பார்த்தால் இரண்டும் ஒரே இருட்டு. மீட்டரின் கம்பி இருந்ததோ காற்று நுழைகிற கதவோரம். நடுவிலிருந்த தட்டுகள் மூன்று நாள் சூட்டை இன்னும் வயிற்றில் வைத்திருந்தன. பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு குறைந்த சூட்டில் அவன் எதையும் வேகவைத்ததில்லை. அதனால் அவனுக்கு அது தோன்றவே இல்லை.

எட்டு நிமிஷம் ஆனது.

"எடுத்துரலாமாண்ணே?"

"ஊற வேணாமா?" என்றான் கலியமூர்த்தி. "மேல ஏறின சூடு உள்ள இறங்கணும்ல. பத்து நிமிஷம் ஊறட்டும்."

எந்தச் சூளையிலும் அப்படித்தான். உச்சத்துக்குப் போனதும் கொஞ்ச நேரம் அதே சூட்டில் ஊற விட்டால்தான் பீங்கான் உள்வரை வேகும். ஊற விடாமல் எடுப்பது பச்சைக் குழந்தைகள் செய்யும் வேலை.

பதிமூன்றாவது நிமிஷம் உள்ளே 'பட்' என்று ஒரு சத்தம் கேட்டது.

சகாயராஜ் எழுந்துவிட்டான். "அண்ணே, தொறங்கண்ணே."

கலியமூர்த்தியின் கை கதவுப் பிடியில் இருந்தது. கை மட்டும்தான் இருந்தது. கண்ணுக்குள் அந்தத் தகடும் கறுப்பு எழுத்தும் தெரிந்தன. அ.செ. அந்த எழுத்து இந்நேரம் எரிந்துகொண்டிருக்கும்.

"பாதியில தொறக்கக் கூடாதுடா," என்றான்.

'பட்.' மறுபடி, 'பட் பட்.' சோளம் பொரிகிற மாதிரி. கதவிடுக்கில் மஞ்சளாய் ஒரு புகை எட்டிப் பார்த்தது. கெட்ட நாற்றம் ஷெட் முழுக்கப் பரவியது.

திறந்தபோது டப்பாக்கள் எல்லாம் தலை வெடித்து, பஞ்சு பிதுங்கி நின்றன. பச்சைப் பலகை பழுப்பாகி நெளிந்திருந்தது. ஒயர் சொருகும் வெள்ளைத் துண்டுகள் உருகி வழிந்திருந்தன. அலுமினியத் தகட்டுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது.

சகாயராஜ் குனிந்து எல்லாவற்றையும் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அண்ணே, முதல் சத்தத்துலயே தொறந்துருக்கலாம்லண்ணே?"

கலியமூர்த்தி வீட்டுக்கு வந்தபோது ஐந்து மணி. கூடம் கழுவி விட்டிருந்தது. வேல்விழி ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சா?" என்றாள்.

போர்டைப் பற்றி அவள் கேட்பதற்கு முன் அவன் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். "நான் மோர்பியில இருந்தப்ப அன்புச்செல்வன் இந்த வூட்டுக்கு வந்தானா?"

தையல் மெஷின் நின்றது.

"இல்ல."

"போர்டுல எழுதியிருக்குது. பேரும் தேதியும்."

"எழுதியிருக்கும். அவருதான் சரி பண்ணாரு." வேல்விழி நூலை அறுத்தாள். "நான்தான் போர்டைக் கழட்டி எடுத்துட்டுப் போனேன்."

"நீயா?"

"நான்தான். பின்மூடிக்குப் பதினாலு ஸ்க்ரூ. போர்டுக்கு ஆறு. கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல படம் புடிச்சுக்கிட்டேன், எந்த ஒயரு எங்கன்னு. பஸ்ஸுல மடியில வெச்சுக்கிட்டுப் போனேன். ரெண்டு டப்பா மாத்திக் குடுத்தாரு. திரும்பக் கொண்டாந்து நானே மாட்டினேன். காய்ச்சல்ல படுத்துக்கிட்டு ப்ரியா அழுதுது, டிவி வேணும்னு. நான் என்னா பண்ணுவேன்?"

கலியமூர்த்திக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கிய இடத்தில் இன்னொன்று ஏறியது. ஒன்பது நாளாக அவன் முட்டிக்கொண்டிருந்த வேலையை அவள் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே மடியில் வைத்து முடித்திருக்கிறாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இப்புடித்தான் மூஞ்சைத் தூக்கி வெச்சுப்பீங்க. அதான் சொல்லல." அவள் எழுந்து வந்தாள். "குடுங்க, போர்டைப் பாப்போம்."

அவன் பையை நீட்டினான். அவள் எடுத்தாள். வெடித்த டப்பாக்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். மோந்து பார்த்தாள்.

"இது சூளையில வெச்சதா?"

"ஈயம் இளகணும்னு..."

"எவ்ளோ நேரம்?"

"பதினெட்டு நிமிஷம்."

"வெடிக்கிற சத்தம் கேக்கலயா உங்களுக்கு?"

அவன் காலிப் பையை மடித்தான்.

வேல்விழி போர்டை மேசைமேல் வைத்தாள். அவள் குரல் ஏறவில்லை. குழந்தைக்குப் பாடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "நெசமா சொல்லுங்க. தெரியாம பண்ணீங்களா, வேணும்னே பண்ணீங்களா?"

ப்ரியா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

'தெரியாமத்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தான். கதவுப் பிடியில் இருந்த தன் கை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

"நான் டிவியில வர்றது உங்களுக்குப் புடிக்கலன்னு எனக்குத் தெரியும்," என்றாள் வேல்விழி. "அவங்க எங்கிட்ட என்னா கேட்டாங்க, நான் என்னா சொன்னேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? ஒரு மாசம் ஆவுது. தெருவே கேட்டுச்சு. நீங்க கேக்கல."

அவன் மேசைக்குப் போனான். மஞ்சள் பையில் போர்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். எங்கே போகிறான் என்று பாலக்கரை வரும்வரைக்கும் அவனுக்கே தெரியவில்லை.

அன்புச்செல்வனின் கடை மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக இருந்தது. ஆள் வழுக்கை விழுந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு மிக்சியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் கலியமூர்த்தி அவனைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறான். கிட்டத்தில் பார்க்க ஒரு ஸ்கூல் வாத்தியார் மாதிரி இருந்தான்.

"வாங்க, உக்காருங்க." போர்டை வாங்கிப் பார்த்தவன் கண்ணாடியைக் கீழே இறக்கினான். "இதை எதுலங்க சுட்டீங்க?"

"சூளையில."

"தோசைக்கல்லுல வெச்சவங்க வந்துருக்காங்க. ஹேர் டிரையர்ல காட்டினவங்க வந்துருக்காங்க. சூளையில வெச்சது நீங்கதாங்க முதல் ஆளு." சிரிக்கவில்லை. தகட்டைத் திருப்பித் தன் எழுத்தைப் பார்த்தான். "இது நம்ம பாத்த போர்டாச்சே."

"ஆமா."

"வேல்விழி கொண்டாந்துச்சு."

பெயரை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். 'உங்க வூட்டம்மா' என்று சொல்லியிருக்கலாம். கலியமூர்த்தி கடையின் அலமாரியைப் பார்த்தான். ரேடியோக்களுக்கு நடுவில் ஒரு பீங்கான் பொம்மை நின்றது. புல்லாங்குழல் கிருஷ்ணர். கடைக்கண்ணில் மேல்நோக்கி ஒரு சின்ன இழுப்பு. அது யார் கை என்று அவன் இருட்டில்கூடச் சொல்லுவான். ஊரில் எத்தனையோ கடையில் இருக்கிற பொம்மைதான், காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். அவனுக்கு அது அங்கே நிற்பது பிடிக்கவில்லை.

"இதே போர்டு ஒண்ணு வெச்சுருக்கேன்," என்றான் அன்புச்செல்வன். "லாட்ஜ்ல உடைஞ்சு போன செட்டுல கழட்டினது. ஆனா போன வாட்டி மாதிரி கையில குடுத்தனுப்ப முடியாதுங்க. டிவிக்குப் பின்னால ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஒவ்வொரு செட்டுக்கும் ஒவ்வொரு வோல்டேஜ். மாட்டிட்டு, மீட்டர் வெச்சு அந்த அளவுக்குத் திருகி வெக்கணும். இல்லன்னா படமே போயிரும். வூட்டுக்கு வந்துதான் பண்ணணும்."

கலியமூர்த்தி மறுபடி அந்தக் கிருஷ்ணரைப் பார்த்தான்.

"அன்னிக்கே கேட்டேங்க, வந்து மாட்டித் தரட்டுமான்னு. 'வாணாம், அவரு ஊர்ல இல்ல, நானே மாட்டிக்கிறேன்'னு சொல்லிட்டுப் போச்சு." மிக்சியைத் தள்ளி வைத்தான். "நீங்க கூப்பிடாம நான் வர மாட்டேன். கூப்பிட்டா வரேன்."

தெருவில் ஒரு கரும்பு டிராக்டர் போனது. அது போய் முடிகிறவரைக்கும் கலியமூர்த்தி காத்திருந்தான். பெண் பார்க்கிற வீட்டில்கூட அவனுக்கு இப்படி நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை.

"காலையில வூட்டுக்கு வாங்க," என்றான்.

"எட்டு மணிக்கு?"

"எட்டு மணிக்கு."

திரும்பும்போது அவனுக்கு நடை கொஞ்சம் லேசாகவே இருந்தது. வேல்விழியிடம் போய்ச் சொல்ல இப்போது ஒன்று இருக்கிறது. 'நானே கூப்பிட்டேன்' என்று சொல்லலாம். அவள் நம்பாமல் ப்ரியாவைப் பார்ப்பாள். ப்ரியா ஏதாவது கிண்டல் பண்ணுவாள்.

வீடு பூட்டியிருந்தது.

உபகாரமேரி பக்கத்து வாசலிலிருந்து சாவியோடு வந்தாள். "இந்தா தம்பி. ஆறரை பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் போயிட்டாங்க. பெண்ணாடத்துக்கு, அண்ணன் வூட்டுக்கு."

"எப்ப வர்றதா சொல்லிச்சு?"

"அதெல்லாம் சொல்லல. 'நாளைக்குப் பத்து மணிக்கு எல்லாரும் வந்துருங்கக்கா, அவரு எப்புடியும் டிவியைச் சரி பண்ணிருவாரு, நான் அங்கயே பாத்துக்கிறேன்'னு சொல்லிச்சு. சண்டையா?"

"இல்லக்கா."

"மூஞ்சைப் பாத்தாலே தெரியுதே." அவள் போகாமல் நின்றாள். "அந்தக் கேமராக்காரங்க கேட்டதுக்கு அது உன்னைப் பத்தியும் பேசியிருக்குது, தெரியுமா? நான் பக்கத்துலதான் உக்காந்துருந்தேன்."

"என்னா சொல்லிச்சு?"

"நான் சொல்ல மாட்டேன். நீயே கேட்டுருக்கணும்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே போய் விளக்கைப் போட்டான். நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. எதிரில் டிவி சுவரைப் பார்த்து நின்றது. முதுகு திறந்து, போர்டு இருந்த இடம் காலியாக, ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. நாளைக்கு எட்டு மணிக்கு இந்த வீட்டில் அவனும் அன்புச்செல்வனும் மட்டும் இருக்கப்போகிறார்கள். பத்து மணிக்குத் தெரு முழுக்க இருக்கப்போகிறது. அவளைத் தவிர.

போன் போட்டான். ப்ரியாதான் எடுத்தாள். பஸ்ஸின் இரைச்சல் கேட்டது.

"ப்பா, அம்மா பேச மாட்டேங்குது."

"பரவால்ல. நீ சொல்லு. அன்புச்செல்வன் கடைக்குப் போனேன். நாளைக்கு வூட்டுக்கு வர்றாரு. நான்தான் கூப்பிட்டேன்னு சொல்லு."

ப்ரியா அதை அப்படியே திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு வெறும் இரைச்சல். யாரோ சில்லறை இல்லையா என்று கேட்டார்கள். ப்ரியா திரும்பி வந்தாள்.

"ப்பா."

"சொல்லும்மா."

"அம்மா கேக்குது. 'நான் கேட்டதுக்கு அதான் பதிலா'ன்னு."

கலியமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தான். 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் ஒருவேளை அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவாள். அவ்வளவு சுலபம்.

"இல்லன்னு சொல்லு," என்றான். "வேணும்னு பண்ணேனா தெரியாம பண்ணேனான்னு எனக்கே தெரியலன்னு சொல்லும்மா."

அந்தப் பக்கம் ப்ரியா மூச்சு விடுவது கேட்டது. பஸ் ஹாரன் அடித்தது. அவள் அதை அம்மாவிடம் சொன்னாளா இல்லையா என்று தெரிவதற்குள் லைன் அறுந்துவிட்டது.